ரேம் வாங்கும்போது பலரும் செய்யும் தவறுகள்: முதலில் பெட்டியைத் திறந்து பாருங்கள்

ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் ஒரு நாள் சாயங்காலம் புது ரேமைக் கையில் பிடித்தபடி வந்தார். "அண்ணே, ஸ்லாட்டுக்குள்ள இறங்கவே மாட்டேங்குது. நல்லா அழுத்தியும் பார்த்துட்டேன்" என்றார். அவர் வாங்கி வந்தது டிடிஆர்4 என்ற தலைமுறை ரேம். அவர் கடைக் கம்ப்யூட்டரில் இருந்ததோ இன்டெல் நான்காம் தலைமுறை ஐ3 ப்ராசசர், எச்81 மதர்போர்டு. அதற்கு டிடிஆர்3தான் பொருந்தும்.

அவருடைய பழைய ரேமையும் புதியதையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். நீளம் ஒன்றேதான். ஆனால் தங்க நிறக் காண்டாக்ட் வரிசையில் இருக்கும் வெட்டு இரண்டிலும் வேறு வேறு இடத்தில் இருந்தது. டிடிஆர்3இல் 240 காண்டாக்ட், டிடிஆர்4இல் 288. டிடிஆர்4இன் கீழ் விளிம்பு நேர்கோடாக இருக்காது, நடுவில் லேசாகப் புடைத்திருக்கும். இறங்கவில்லை என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்த வெட்டு வைத்ததே தப்பான ரேம் உள்ளே போகக் கூடாது என்பதற்காகத்தான். நல்லவேளை, அவர் அழுத்திய அழுத்தில் ஸ்லாட் உடையவில்லை.

கடைக்குப் போய் "எட்டு ஜிபி ரேம் ஒன்று கொடுங்கள்" என்று மட்டும் கேட்பதுதான் முதல் தவறு. எந்தத் தலைமுறை என்பதைச் சொல்ல வேண்டும், அதை மதர்போர்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ப்ராசசர் பெயரை வைத்து ஊகிப்பது இப்போதெல்லாம் சரிப்படாது. இன்டெல் 12, 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர்கள் டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டையும் ஏற்கும். ஆனால் போர்டு பெரும்பாலும் ஏதாவது ஒன்றுக்குத்தான் செய்யப்பட்டிருக்கும். ஏஎம்டியில் இந்தக் குழப்பம் இல்லை. ப்ராசசர் உட்காரும் சாக்கெட் ஏஎம்4 என்றால் டிடிஆர்4, ஏஎம்5 என்றால் டிடிஆர்5. டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டிலும் 288 காண்டாக்ட்தான், வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் ஏமாந்துவிடாதீர்கள்.

அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அலுவலகங்களில் கழித்துவிட்ட குட்டி டெஸ்க்டாப்கள் இப்போது செகண்ட் ஹேண்டில் நிறைய வருகின்றன. புத்தகம் அளவே இருக்கும் அந்தப் பெட்டிகளிலும், பல ஆல்-இன்-ஒன் கம்ப்யூட்டர்களிலும் லேப்டாப் ரேம்தான் போகும். டெஸ்க்டாப் என்று பெயர் இருக்கிறதே என்று நீளமான ரேமை வாங்கிவிடுகிறார்கள்.

சரி, உண்மையிலேயே ரேம்தான் போதவில்லையா? பணம் கொடுப்பதற்கு முன் இதை உறுதி செய்துகொள்ள ஐந்து நிமிடம் போதும். வேலை உச்சத்தில் இருக்கும் நேரத்தில், வழக்கமாகத் திறந்து வைக்கும் எல்லாவற்றையும் திறந்துகொண்டு, கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்பார்மன்ஸ், அப்புறம் மெமரி. நண்பரின் கம்ப்யூட்டரில் இருந்தது 4 ஜிபி. போட்டோஷாப்பும் குரோமும் திறந்திருந்தபோது 93 சதவீதம் நிரம்பியிருந்தது. டிஸ்க் பக்கத்தைப் பார்த்தால் அதுவும் 100இல் நின்றது. ரேமில் இடம் இல்லாததை விண்டோஸ் ஹார்டு டிஸ்க்குக்கு மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருந்தது. அங்கே ரேம் கட்டாயம் தேவை.

ரேம் 50, 60 சதவீதத்திலேயே நிற்கிறது, டிஸ்க் மட்டும் 100ஐத் தொடுகிறது என்றால் கதை வேறு. அந்தக் கம்ப்யூட்டருக்கு இன்னும் 16 ஜிபி போட்டாலும் பெரிய வித்தியாசம் தெரியாது. அதே பணத்தில் ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக அதைவிட வேகமான எஸ்எஸ்டி ஒன்று போட்டால் புது மெஷின் மாதிரி ஓடும். நிறைய பேர் இதைப் பார்க்காமலே ரேமுக்குச் செலவழித்துவிட்டு, "ஒன்றும் மாறவில்லையே" என்று வருத்தப்படுவதைப் பார்க்கும்போது எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும்.

அந்த மெமரி பக்கத்திலேயே எத்தனை ஸ்லாட் இருக்கிறது, எத்தனை நிரம்பியிருக்கிறது, என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதும் இருக்கும். போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். போர்டு அதிகபட்சம் எவ்வளவு ஏற்கும் என்பதையும் அதன் கையேட்டில் பார்த்துவிடுங்கள். எச்81 போர்டில் இரண்டு ஸ்லாட், ஸ்லாட்டுக்கு 8 வீதம் 16 ஜிபி, அதற்கு மேல் போகாது. பழைய மென்பொருளுக்காக இன்னும் 32 பிட் விண்டோஸ் வைத்திருக்கும் கடைகள் உண்டு. அதில் 4 ஜிபிக்கு மேல் எவ்வளவு போட்டாலும் வீண்தான்.

ஒரே ரேமாக வாங்குவதா, இரண்டாகவா? முடிந்தவரை இரண்டாக. சாதாரண டெஸ்க்டாப் ப்ராசசர்களில் ரேமுக்குப் போகும் பாதை இரண்டு. ஒன்றே ஒன்று போட்டால் ஒரு பாதை சும்மா கிடக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் இது நன்றாகவே தெரியும், ஏனென்றால் உள்ளே இருக்கும் கிராபிக்ஸும் இதே ரேமைத்தான் எடுத்துக்கொள்கிறது. நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடுவதென்றால், பெரும்பாலும் ப்ராசசர் பக்கத்திலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். ஒட்டினாற்போல் பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டுவிட்டு, இரண்டு பாதையும் வேலை செய்வதாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள் அதிகம்.

பழைய ரேமோடு புதியதைச் சேர்க்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சேர்க்கலாம், அனேகமாக ஓடும். ஆனால் எது மெதுவானதோ அதன் வேகத்துக்குத்தான் எல்லாம் இறங்கி வரும். டிடிஆர்5இல் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். ரைசன் 7000 வரிசை ப்ராசசரில் இரண்டு ரேம் போட்டால் ஏஎம்டி சொல்லும் வேகம் 5200 (விநாடிக்கு எத்தனை மில்லியன் முறை தகவல் போகிறது என்ற கணக்கு). நான்கு போட்டால் அதுவே 3600 ஆகிவிடுகிறது. 32 ஜிபி வேண்டுமென்றால் இரண்டு 16 ஜிபியாக வாங்குங்கள், நான்கு எட்டாகச் சேர்க்க வேண்டாம்.

வேகத்துக்கு அதிகப் பணம் கொடுப்பதிலும் ஏமாற்றம் உண்டு. எச்410 போர்டில் பத்தாம் தலைமுறை ஐ5 இருந்தால் 3200 ரேம் போட்டாலும் 2666இல்தான் ஓடும். ஏற்கும் போர்டாக இருந்தாலும் 3600 என்று அச்சடித்த ரேம் தானாக அந்த வேகத்துக்குப் போகாது. விண்டோஸ் வருவதற்கு முன் திறக்கும் போர்டின் அமைப்புப் பக்கமான பயாஸில், ரேமை அதன் அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பியை ஆன் செய்ய வேண்டும். வருஷக்கணக்கில் அதை ஆன் செய்யாமலே ஓட்டுகிறவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று: கம்ப்யூட்டரின் பாகங்களின் விவரம் காட்டும் சிபியு-இசட் மென்பொருளில் 3200 ரேம் 1600 என்று தெரியும். ஒரு துடிப்புக்கு இரண்டு முறை தகவல் போவதால்தான் 3200 என்ற கணக்கு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சண்டைக்குப் போய்விடாதீர்கள்.

2025 கடைசியிலிருந்து ஏஐ டேட்டா சென்டர்களின் தேவையால் ரேம் விலை எகிறிவிட்டது. விலை ஏறும்போது மலிவு ரேம் கண்ணில் படும். ஆன்லைனில் பாதி விலைக்கு 16, 32 ஜிபி டிடிஆர்4 என்று வந்தால், சர்வரிலிருந்து கழற்றிய, சர்வருக்கென்றே செய்த ரெஜிஸ்டர்டு ரேமா என்று பாருங்கள். சாதாரண டெஸ்க்டாப் அதில் ஆன் ஆகவே ஆகாது. டிடிஆர்3இல் "ஏஎம்டிக்கு மட்டும்" என்று விற்கும் 8 ஜிபி ரேம்கள் இன்டெல் போர்டில் ஓடாது. கொட்டை எழுத்தில் விலை இருக்கும், அந்த வரி கீழே பொடி எழுத்தில் இருக்கும்.

மாட்டும்போது பவர் கேபிளையே பிடுங்கிவிடுங்கள், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிறகு பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தி உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரத்தை வெளியேற்றுங்கள். கேபினட்டின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொட்டுவிட்டு ரேமை ஓரம் பிடித்து எடுங்கள். பழைய ரேமின் காண்டாக்ட் கறுத்திருந்தால் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிடுங்கள். உள்ளே அழுத்தும்போது கிளிப் "டக்" என்று தானாக மேலே வந்து பிடிக்க வேண்டும். சில போர்டில் ஒரு பக்கக் கிளிப் மட்டும்தான் அசையும். புது ரேம் போட்டதும் ஆன் ஆகவில்லை என்று வருபவற்றில் பல, ஒரு ஓரம் அரை மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு இருப்பதால் வருபவைதான். டிடிஆர்5 என்றால் முதல் தடவை திரை கறுப்பாகவே சில நிமிடங்கள் நிற்கலாம். ரேமைப் போர்டு பழகிக்கொள்ளும் நேரம் அது. பயந்துபோய் பவரை அணைக்காதீர்கள்.

மாட்டிய அன்று ராத்திரியே ரேமில் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ மென்பொருளை ஓட விட்டுவிட்டுத் தூங்குங்கள். காலையில் ஒரே ஒரு சிவப்பு வரி இருந்தாலும் பில்லை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிவிடுங்கள். மாதங்கள் கழித்து ஏதோ ஒரு பைல் கெட்டுப்போகும்போது காரணம் ரேம் என்று யாருக்கும் தோன்றாது.

நண்பர் அந்த டிடிஆர்4ஐத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 8 ஜிபி டிடிஆர்3 இரண்டு வாங்கி வந்தார். மாட்டியதும் அதே போட்டோஷாப், அதே குரோம் திறந்து பார்த்தோம். 16இல் 7 சொச்சம்தான் நிரம்பியது, டிஸ்க் அடங்கிவிட்டது. அவர் கடையில் இன்னும் இரண்டு கம்ப்யூட்டர் இருக்கிறது. அவற்றையும் திறந்து, என்ன ரேம், எத்தனை ஸ்லாட், அதிகபட்சம் எவ்வளவு என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, பக்கவாட்டுத் தகட்டின் உள்புறம் செல்லோடேப் போட்டு ஒட்டிவிட்டு வந்தேன்.