குழந்தையின் பேச்சை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிள்ளைகளுக்குப் பேச்சு, மொழிப் பயிற்சி தரும் எங்கள் இடத்துக்கு ஒவ்வொரு வருடமும் புது இன்டர்ன்கள் வருவார்கள். ஒரு மாதத்துக்குள் அவர்களுடைய ரிப்போர்ட்டுகளில் அதே பிழைகள் வரிசை மாறாமல் வந்துவிடும். படிக்கிற காலத்தில் நானும் எழுதியவைதான் எல்லாம். என் பழைய ஃபைலைப் பார்த்து எழுதினார்களோ என்று தோன்றும். பசியோடு இருக்கிற பிள்ளைக்கு டெஸ்ட் வைக்காதே, அம்மாவை அறைக்கு வெளியே அனுப்பாதே என்பதெல்லாம் இங்கே இல்லை. அது இரண்டு வாரத்தில் தானே பிடிபட்டுவிடும். தானாகப் பிடிபடாத சிலவற்றை மட்டும் சொல்கிறேன். நான் வேலை செய்வது மதுரையில், அதனால் உதாரணங்களும் இங்கிருந்துதான்.

“வீட்டில் பேசும் மொழி: தமிழ்”

கேஸ் ஹிஸ்டரியில் இந்த ஒரு வரியோடு தாண்டிவிடுகிறார்கள். திருமலை நாயக்கர் மகால் பக்கத்துக் குடும்பம் என்றால் வீட்டுக்குள் பேசுவது சௌராஷ்டிர மொழியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் கேட்டால் “தமிழ்தாங்க” என்பார்கள். ஆஸ்பத்திரியில் சொல்ல வேண்டிய விஷயமாக அது அவர்களுக்குப் படுவதில்லை. அதனால் மொழியின் பெயரைக் கேட்பதை விட்டுவிட்டு, பிள்ளையின் ஒரு நாளைக் கேளுங்கள். காலையில் எழுப்புவது யார், ஊட்டுவது யார், பால்வாடியில் எத்தனை மணி நேரம், ராத்திரி யாரோடு படுக்கிறது, ஒவ்வொருவரும் அதனிடம் எந்த மொழியில் பேசுகிறார்கள். பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் வைக்கிற டெஸ்ட்டின் மார்க்கை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு மொழியின் சொற்களை மட்டும் எண்ணுவது

24 மாதத்தில் 50 சொல்லுக்குக் குறைவு, அல்லது இரண்டு சொல்லைச் சேர்த்துப் பேசவில்லை என்றால் கவனிக்க வேண்டும். லெஸ்லி ரெஸ்கோர்லா 1989-ல் வெளியிட்ட, பெற்றோர் நிரப்பும் சொற்பட்டியலிலிருந்து எல்லோரும் எடுத்தாளும் கணக்கு இது. ஒரு இரண்டு வயதுப் பிள்ளைக்குத் தமிழில் 20 சொல், சௌராஷ்டிரத்தில் 35 சொல். தமிழை மட்டும் எண்ணினவர் ‘தாமதம்’ என்று எழுதிவிட்டார். பஸ், கடை, ஆட்டோ எல்லாம் தமிழில். அடுப்பங்கரை முழுக்கப் பாட்டியின் மொழியில். இரண்டையும் கூட்டினால் 55. மயாமியில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் கேட்டு வளர்ந்த சிறு பிள்ளைகளை வைத்து பார்பரா பியர்சனும் உடனிருந்தவர்களும் 1993-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்: இரண்டு மொழியையும் சேர்த்து எண்ணினால் ஒருமொழிப் பிள்ளைகளுக்கு அவர்கள் குறைந்தவர்கள் இல்லை. ‘பஸ்’ தமிழா ஆங்கிலமா என்று இன்டர்ன்கள் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். ஒரு தடவை எண்ணிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போங்கள்.

“ரெண்டு மொழி பேசுற வீடு, அதான் லேட்டு”

எத்தனை வருடம் ஆனாலும் எனக்கு எரிச்சல் தீராத தவறு இது. ரிப்போர்ட்டில் ‘காரணம்: இருமொழிச் சூழல்’ என்று அழகாக எழுதியிருப்பார்கள். கீழே பரிந்துரை: ‘வீட்டில் ஒரே மொழி பேசவும்.’

இரண்டரை வயதில் ஒரு பையன். சேர்த்துப் பேசவில்லை, மொத்தமே கொஞ்சம் சொற்கள்தான். வேறொரு இடத்தில் காட்டியபோது சௌராஷ்டிரத்தை நிறுத்தச் சொன்னார்கள். அடுத்த இடத்தில், ஸ்கூலுக்குப் போகணும், இங்கிலீஷில் பேசுங்கள் என்றார்கள். பெற்றோர் சொன்னபடி செய்தார்கள். வீட்டில் நாள் முழுக்க “கம்”, “சிட்”, “ஈட்”. அவர்களுக்கு வந்த ஆங்கிலம் அவ்வளவுதான். பிள்ளையிடம் நிறையப் பேசிக்கொண்டிருந்த ஒரே ஆள் பாட்டி. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. பேரன் கெட்டுவிடுவான் என்று பயந்து வாயை மூடிக்கொண்டார். தாத்தா மட்டும் அசரவில்லை. “குமரகுருபரரே அஞ்சு வயசு வரைக்கும் பேசலை. திருச்செந்தூர் போயிட்டு வந்தா சரியாயிடும்” என்றாராம். மீனாட்சிக்குப் பிள்ளைத்தமிழ் பாடியவரை மதுரையில் இருந்துகொண்டு மறுத்துப் பேச யாரால் முடியும்?

எங்களிடம் வந்தபோது பையனுக்கு நாலு வயது ஆகப்போகிறது. பாட்டியிடம் கேட்டோம். “சொல்றது இவனுக்குப் புரியறதே இல்லைங்க, எங்க பாஷையிலயும் புரியாது” என்றார். முதல் நாளிலிருந்தே அவர் அதைத்தான் சொல்லிவந்திருக்கிறார். யாரும் எழுதிக்கொள்ளவில்லை. காது நன்றாக இருந்தது, விளையாட்டு நன்றாக இருந்தது, மனிதர்களோடு ஒட்டுதல் நன்றாக இருந்தது. இரண்டு மொழியிலும் ‘செருப்பை எடுத்துட்டு வந்து கட்டிலுக்கு அடியில போடு’ அளவுக்கான பேச்சு அவனுக்கு எட்டவில்லை. மொழி வளர்ச்சிக் குறைபாடு. நூறு பிள்ளைகளில் ஏழு பேருக்கு இருக்கக்கூடியது. ஒரே மொழி பேசுகிற வீட்டிலும் வரும்.

பார்க்க வேண்டியது இவ்வளவுதான். ஒரு மொழியில் நன்றாகப் பேசி இன்னொன்றில் திணறினால், அந்த இன்னொரு மொழியைப் பிள்ளை போதுமான அளவு கேட்கவில்லை. இரண்டிலும் திணறினால், மொழிகளின் எண்ணிக்கை மேல் பழியைப் போடாமல் மேற்கொண்டு ஆராயுங்கள். ஒரு மொழியை நிறுத்தினால் குறைபாடு குறையும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசுகிற, இதே குறைபாடு உள்ள ஏழு வயதுப் பிள்ளைகளை ஜோஹான் பாரடீஸ் குழுவினர் ஆராய்ந்து 2003-ல் எழுதினார்கள். அதே குறைபாடுள்ள ஒருமொழிப் பிள்ளைகளை விட அவர்கள் இலக்கணத்தில் பின்தங்கியிருக்கவில்லை. அந்தப் பையனுக்கோ ஒன்றரை வருடப் பயிற்சியும் போனது, பாட்டி சொன்ன கதைகளும் போயின.

காது

பரிசோதிக்காமல் மொழி ரிப்போர்ட் எழுதாதீர்கள். “கூப்பிட்டா திரும்புறான்” என்பது பரிசோதனை ஆகாது.

புத்தகத் தமிழில் கேட்பது

படத்தைக் காட்டி “சிறுவன் என்ன செய்கிறான்?” என்று கேட்டார் ஒரு இன்டர்ன். மூன்று வயதுக்காரி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வினைச்சொல் வரவில்லை என்று குறித்தாகிவிட்டது. “பையன் என்னடா பண்றான்?” என்று அவள் அம்மா கேட்டதும் “ஓடுறான், விழுந்துட்டான், அழுவுறான்” என்று கொட்டினாள். எழுத்துத் தமிழை அந்த வயதில் அவள் எங்கே கேட்டிருப்பாள்? செய்தி வாசிப்பவர் மாதிரி பேசிவிட்டுப் பிள்ளைக்கு மார்க் குறைப்பது அநியாயம்.

ஆங்கிலத்துக்கு வகுத்த நீளத்தைத் தமிழில் தேடுவது

ரோஜர் பிரௌன் 1973-ல் வாக்கிய நீளத்தை வைத்து நிலைகள் பிரித்தது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளுக்கு. தமிழில் ‘வந்துட்டாங்க’ என்பது ஒரே சொல். வருகிற வினை, அது முடிந்துவிட்ட குறிப்பு, காலம், மரியாதை நாலும் அதற்குள் இருக்கின்றன. சொற்களை எண்ணினால் ஒன்று, சொல்லுக்குள் இருக்கும் உறுப்புகளை எண்ணினால் எகிறும், இரண்டையும் பிரௌனின் அட்டவணையில் வைத்துப் பார்க்க முடியாது. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு வயதை ஒட்டியே விகுதிகளைப் பெரிய பிழையில்லாமல் பிடித்துக்கொள்கிறார்கள். அதனால் நீளத்தை விட்டுவிட்டு மாற்றத்தைக் கவனியுங்கள்: ‘வந்தான்’, ‘வந்துச்சு’ இரண்டும் இடமறிந்து வருகிறதா, ‘எனக்கு’, ‘வீட்டுல’, ‘அம்மாவோட’ எல்லாம் வந்துவிட்டனவா. மூன்றரை வயதிலும் எல்லாவற்றுக்கும் ஒரே விகுதி என்றால் அது முக்கியமான செய்தி.

ரைம்ஸ்

ஏ முதல் இசட் வரை சொல்கிறது, பத்துக் கலர் சொல்கிறது. தாகமெடுத்தால் தண்ணீர் கேட்கிறதா? அதை எழுதுங்கள்.

ஆமாம், இல்லை

“சேர்த்துப் பேசுவானா?” என்று கேட்டால் பேசுவான் என்றுதான் தாய் சொல்வார். நேற்று சாயங்காலம் என்ன பேசினான், அப்படியே சொல்லுங்கள் என்று கேளுங்கள்.

ஒரே விசிட்டில் முடிவு எழுதுவது

சௌராஷ்டிரம் பேசும் பிள்ளைக்கு வைப்பதற்கென்று எங்கள் அலமாரியில் டெஸ்ட் எதுவும் கிடையாது. இருக்கிற தமிழ்ப் படங்களைக் காட்டி ஒரு மார்க் போட்டு அனுப்புவதைவிடச் சொல்லிக்கொடுத்துப் பார்ப்பது மேல். பிள்ளைக்குத் தெரியாத மூன்று பொம்மைகளை எடுத்து, விளையாட்டோடு விளையாட்டாகப் பெயரைச் சொல்லிக்கொடுங்கள். எத்தனை தடவை சொன்னபிறகு திருப்பிச் சொன்னது, எவ்வளவு உதவி தேவைப்பட்டது என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் அதே பொம்மைகளை எடுத்துவைத்து, பெயர் நினைவிருக்கிறதா என்று பாருங்கள். வீட்டில் அந்தச் சொற்களைப் பழக்க வேண்டாம் என்று பெற்றோரிடம் மறக்காமல் சொல்லி அனுப்ப வேண்டும். சொல்லாவிட்டால் வாரம் முழுக்க உருப்போட வைத்துத்தான் கூட்டிவருவார்கள்.