அச்சு ஓடும்போதே பிழை பிடிக்க: ஸ்ட்ரோப் லைட்டை வைக்கும் முறையும் பார்க்கும் முறையும்

கிராவியூர் மெஷினில் (சிலிண்டரில் பொறித்த நுண்குழிகளில் இங்க்கை நிரப்பி அச்சிடும் மெஷின்) ஃபிலிம் நிமிடத்துக்கு 200 மீட்டர் வேகத்தில் ஓடும்போது வெறுங்கண்ணுக்குத் தெரிவது வண்ணக் கோடுகள் மட்டுமே. 6,000 மீட்டர் ரோல் அரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மெஷினை நிறுத்திப் பார்க்கலாமே என்று தோன்றும். ஆனால் வேகம் இறங்கும்போதே டென்ஷன் (ஃபிலிமின் இழுவிசை) மாறுகிறது, ரெஜிஸ்டர் (வண்ணங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நிலை) நகர்கிறது, சிலிண்டர் குழிகளில் இங்க் காயத் தொடங்குகிறது. நின்ற ஃபிலிமில் கண்ணில் படும் கோளாறில் பாதி, நிறுத்தியதால் வந்ததாகவே இருக்கும். ரோல் மாற்றும்போது வெட்டும் சாம்பிளும் அந்த ரோலின் கடைசிச் சில மீட்டருக்கு மட்டுமே சாட்சி.

இதற்குத்தான் ஸ்ட்ரோப் லைட். சிலிண்டர் ஒரு சுற்று சுற்றும்போது ஒரே ஒரு முறை, மிகக் குறைந்த நேரம் பளிச்சிட்டால், ஒவ்வொரு முறையும் டிசைனின் அதே இடம் அதே இடத்தில் வெளிச்சமாகும்; ஃபிலிம் நிற்பதுபோல் தெரியும். பல ஆலைகளில் படம் நின்றதும் வேலை முடிந்ததாக விட்டுவிடுகிறார்கள். அதற்கு மேலும் இந்த விளக்கில் வேலை இருக்கிறது: எது நிற்கிறது, எது நகர்கிறது என்று கவனித்தால் குற்றவாளி எந்த ரோலர் என்பதை மெஷின் ஓடும்போதே சொல்லிவிடலாம்.

இந்தக் கட்டுரை முழுவதும் ஒரே உதாரணம்: சிலிண்டர் சுற்றளவு 500 மி.மீ., சுற்றுவாக்கில் 125 மி.மீ. அளவில் 4 அப்ஸ் (ஒரே டிசைனின் நான்கு பிரதிகள்), ஃபிலிம் அகலம் 1,000 மி.மீ., வேகம் நிமிடத்துக்கு 200 மீட்டர், 12 மைக்ரான் பாலியஸ்டரில் ரிவர்ஸ் பிரிண்ட் (ஃபிலிமின் உட்புறத்தில் இடவலம் மாற்றி அச்சிட்டு, மறுபுறம் வழியாகப் பார்ப்பது).

ஃபிளாஷ் எண்ணிக்கையைக் கணக்கிடுதல்

மெஷின் வேகத்தை மீட்டரிலேயே வைத்து, சிலிண்டர் சுற்றளவையும் மீட்டருக்கு மாற்றி வகுத்தால் போதும். 200 ÷ 0.5 = நிமிடத்துக்கு 400 ஃபிளாஷ். வேகம் 250 ஆனால் 500.

கணக்கு எளிது, ஏமாறும் இடம் வேறு. 200 ஃபிளாஷ் வைத்தாலும் படம் நிற்கும், ஏனென்றால் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை அடிக்கிறது. வெளிச்சம் குறைந்து படம் விட்டு விட்டுத் துடிக்கும், ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றுதான் கண்ணில் படும். 1,600 வைத்தாலும் படம் அழகாக நிற்கும், ஏனென்றால் நான்கு அப்ஸும் ஒரே டிசைன். ஒன்றன்மேல் ஒன்று அப்படியே உட்கார்ந்துவிடும். அந்த நிலையில் ஒரு அப்ஸில் மட்டும் இருக்கும் புள்ளி நான்கு ஃபிளாஷில் ஒன்றில்தான் தெரியும். மங்கலாகத் துடிக்கும், கண் அதைத் தள்ளிவிடும். சிலிண்டரில் ஒரே ஒரு குழி அடைந்த பிழை ரோல் ரோலாகத் தப்பிப் போவது பெரும்பாலும் இப்படித்தான். 1,600-இல் படம் துடிக்காமல் கண்ணுக்கு இதமாக இருப்பதால் ஆப்பரேட்டர்கள் தாமாகவே அங்கே போய் நிற்பார்கள். ரெஜிஸ்டர் மேலோட்டமாகப் பார்க்க அது போதும். பிழை தேடும்போது 400-க்கே வர வேண்டும்.

சரியான எண்ணில்தான் இருக்கிறோமா என்று உறுதி செய்ய, மெஷின் நின்றிருக்கும்போது சிலிண்டரின் பக்கவாட்டு முகத்தில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஓடும்போது விளக்கை அங்கே காட்டினால் 1,600-இல் நான்கு கோடு தெரியும், 800-இல் எதிரெதிராக இரண்டு, 400-இல் ஒன்று, 200-இலும் ஒன்றுதான். ஆகவே மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வாருங்கள். முதன்முதலில் ஒற்றைக் கோடு நிற்கும் இடம்தான் சிலிண்டரின் உண்மையான சுற்று. கீழிருந்து மேலே ஏற்றினால் 200-இலேயே ஏமாந்து நின்றுவிடுவோம்.

கையால் குமிழ் திருப்பி வைத்த எண், மெஷின் வேகம் சிறிது மாறினாலும் படத்தை நகரவிடும். நிரந்தரமாக மாட்டும் விளக்குக்கு சிலிண்டர் தண்டில் ஒரு ப்ராக்ஸிமிட்டி சென்சார் வைத்து, சுற்றுக்கு ஒரு பல்ஸ் எடுப்பதே சரி. சென்சாருக்கு முன்னால் ஒரே ஒரு இரும்புத் துண்டு கடக்க வேண்டும். கப்ளிங்கில் இருக்கும் போல்ட் தலைகளையும் அது எண்ணிவிட்டால் சுற்றுக்கு இரண்டு மூன்று ஃபிளாஷ் அடித்து, படம் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். "விளக்கு கெட்டுவிட்டது" என்று வரும் புகார்களில் பல இதுதான்.

சென்சார் இருந்தால் ஃபேஸ் குமிழும் (சுற்றின் எந்தக் கணத்தில் ஃபிளாஷ் அடிப்பது என்று தள்ளிவைக்கும் குமிழ்) பயன்படும். நம் உதாரணத்தில் ஒரு சுற்று 150 மில்லிசெகண்ட். ஃபேஸை 1 டிகிரி தள்ளினால் டிசைன் சுமார் 1.4 மி.மீ. நகரும், 90 டிகிரி தள்ளினால் அடுத்த அப்ஸ் வந்து நிற்கும். இருந்த இடத்திலிருந்தே 500 மி.மீ. முழுவதையும் நிதானமாகப் பார்த்து முடிக்கலாம்.

மங்கல் எங்கிருந்து வருகிறது

ஃபிளாஷ் எரியும் அந்தச் சிறு நேரத்திலும் ஃபிலிம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. நிமிடத்துக்கு 200 மீட்டர் என்றால் ஒரு மைக்ரோசெகண்டுக்கு 0.0033 மி.மீ. ஸெனான் குழாயின் ஃபிளாஷ் 10 மைக்ரோசெகண்ட் என்றால் மங்கல் 0.03 மி.மீ.; கண்ணுக்குத் தெரியாது. எல்இடி விளக்கில் 50 மைக்ரோசெகண்ட் வைத்தால் 0.17 மி.மீ., 100 வைத்தால் 0.33 மி.மீ. 0.1 மி.மீ. ரெஜிஸ்டர் விலகலைத் தேடும் கண்ணுக்கு 0.17 மி.மீ. மங்கல் திரை போட்டுவிடும். பார்க்க வேண்டிய பிழையில் பாதிக்கு மேல் மங்கல் இருக்கக் கூடாது என்பது நல்ல அளவுகோல்.

எல்இடியில் ஒரு பொறி உண்டு. பல மாடல்களில் பிரைட்னஸ் குமிழைக் கூட்டினால் விளக்கு உண்மையில் பளிச்சென்று ஆவதில்லை, ஃபிளாஷ் நேரம்தான் நீள்கிறது. வெளிச்சம் கூடும், கூர்மை போகும். வெளிச்சம் போதவில்லை என்றால் விளக்கைக் கிட்டே கொண்டுவாருங்கள், அல்லது சுற்றியுள்ள வெளிச்சத்தைக் குறையுங்கள். தலைக்கு மேல் எரியும் ட்யூப்லைட்டின் தொடர் வெளிச்சம் ஓடும் ஃபிலிமை வண்ணப் பூச்சாகக் காட்டும். அந்தப் பூச்சு ஸ்ட்ரோப் காட்டும் படத்தின்மேல் படிந்து கான்ட்ராஸ்டைக் கெடுக்கும். பார்க்கும் இடத்துக்கு மேலே கறுப்புத் தகட்டால் ஒரு கூரை போடுவது, விலை கூடிய விளக்கு வாங்குவதைவிடப் பலன் தரும்.

எங்கே, எப்படி வைப்பது

இரண்டு ரோலருக்கு நட்ட நடுவே ஃபிலிம் படபடக்கும். அங்கே எந்த விளக்கும் கூர்மையாகக் காட்டாது. கைடு ரோலரைத் தாண்டி 100 முதல் 150 மி.மீ.க்குள், ஃபிலிம் விறைப்பாக இருக்கும் இடத்தில் பாருங்கள். கடைசி யூனிட்டின் (ஒரு வண்ணத்தை அச்சிடும் பகுதி ஒரு யூனிட்) டிரையருக்குப் பிறகு, அச்சான ஃபிலிமைச் சுற்றும் ரீவைண்டருக்கு முன்னால் ஒரு நிரந்தர விளக்கு. கையில் பிடிக்கும் விளக்கு ஒன்று, யூனிட் யூனிட்டாகத் தேட. ஒரு சாதாரண விளக்கு 300, 400 மி.மீ. அகலம்தான் சமமாகக் காட்டும். 1,000 மி.மீ. ஃபிலிமுக்கு நீளமான பார் விளக்கு, அல்லது தண்டவாளத்தில் பக்கவாட்டில் நகரும் விளக்கு வேண்டும். பிழைகள் ஓரங்களில்தான் அதிகம். நடுவை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொல்லாதீர்கள்.

கோணம் பிழைக்கு ஏற்ப மாறும். அச்சைப் பார்க்க 45 டிகிரியில் அடித்து நேராகப் பாருங்கள். பளபளப்பு கண்ணில் அடிக்காது. மெட்டலைஸ்டு ஃபிலிமில் இது இன்னும் முக்கியம். சுருக்கம், கீறல், லாக்கர் விடுபட்ட இடம் பார்க்க விளக்கை ஃபிலிமோடு ஏறக்குறையப் படுக்கவைத்து, ஓரமாக அடிக்க வேண்டும். தெளிவான ஃபிலிமில் வெள்ளை கடைசியாகத்தான் வருகிறது. அதற்கு முந்தைய யூனிட்களில் பின்னால் ஒரு வெள்ளைத் தகடு இல்லாமல் மஞ்சளும் ஹேஸும் (அச்சில்லாத இடத்தில் படியும் மெல்லிய இங்க் படலம்) தெரியவே தெரியாது. வெள்ளை அடித்த பிறகு ஊசித்துளை பார்க்க, விளக்கை ஃபிலிமுக்குப் பின்னால் கொண்டுபோய் ஊடுருவ அடியுங்கள்.

வண்ணத்தை மட்டும் இந்த விளக்கில் தீர்மானிக்காதீர்கள். ஸெனானும் எல்இடியும் ஒரே சிவப்பை வெவ்வேறாகக் காட்டும். வண்ணத்துக்கு வெட்டிய சாம்பிள், டி50 லைட் பூத் (தரப்படுத்திய வெளிச்சமுள்ள பெட்டி), ஸ்பெக்ட்ரோ மீட்டர். ஸ்ட்ரோபில் தெரிவது வண்ணம் திடீரென மாறியதா என்பது மட்டுமே.

நிற்பதும் நகர்வதும்

விளக்கு சிலிண்டரோடு ஒத்து அடிக்கிறது, டிசைன் அசையாமல் நிற்கிறது. இப்போது பிழையைப் பாருங்கள்.

டிசைனோடு சேர்ந்து அதே இடத்தில் நிற்கும் புள்ளியோ வெட்டோ அந்த வண்ணத்தின் சிலிண்டரில் இருக்கிறது: அடைந்த குழி, குரோம் உரிந்த இடம், ஒட்டிய காய்ந்த இங்க். ஃபிளெக்ஸோவில் (ரப்பர் போன்ற பிளேட்டால் அச்சிடும் முறை) என்றால் பிளேட்.

டிசைன் நிற்க, பிழை மட்டும் சீராக ஒரே திசையில் தாவித் தாவிப் போனால், அது வேறு சுற்றளவுள்ள ஏதோ ஒரு ரோலரின் வேலை. ஃபிலிம் போகும் திசையிலேயே நகர்ந்தால் அந்த ரோலர் சிலிண்டரைவிடச் சற்றுச் சிறியது. எதிர்த்திசையில் நகர்ந்தால் சற்றுப் பெரியது. 150 மி.மீ. விட்டமுள்ள இம்ப்ரெஷன் ரோலரின் (ஃபிலிமைச் சிலிண்டரோடு அழுத்தும் ரப்பர் ரோலர்) சுற்றளவு 471 மி.மீ.; அதில் ஒரு வெட்டு இருந்தால் ஒவ்வொரு ஃபிளாஷுக்கும் அடையாளம் 29 மி.மீ. முன்னே தாவும். சந்தேகத்தை உறுதி செய்ய வழி உண்டு: விளக்கைச் சென்சாரிலிருந்து கழற்றி, உள் ஆஸிலேட்டருக்கு (கையால் எண் வைக்கும் முறைக்கு) மாற்றி, 200 ÷ 0.471 கணக்கில் சுமார் 424 ஃபிளாஷ் வையுங்கள். டிசைன் ஓடத் தொடங்கும். பிழை நின்றுவிட்டால் இம்ப்ரெஷன் ரோலர்தான். மெஷினில் உள்ள ஒவ்வொரு ரோலரின் விட்டத்தையும் அளந்து, ஃபிளாஷ் எண்ணோடு ஒரு தாளில் எழுதி மெஷின் பக்கத்தில் ஒட்டி வைத்தால் இந்தச் சோதனை ஒரு நிமிட வேலை. ரப்பர் ரோலரைத் தேய்த்துச் சரிசெய்யும்போது விட்டம் குறையும், தாளையும் திருத்த வேண்டும். இதை மறந்துவிட்டுத் தவறான ரோலரைக் கழற்றுவது சகஜம்.

ஓட்டத் திசையில் விடாமல் விழும் மெல்லிய கோட்டுக்கு ஃபிளாஷ் எண் முக்கியமில்லை. அது பக்கவாட்டில் அசைகிறதா என்று பாருங்கள். டாக்டர் பிளேடு (சிலிண்டரில் மிஞ்சிய இங்க்கை வழிக்கும் தகடு) இடமும் வலமும் ஆடிக்கொண்டே ஓடுவது. கோடும் அதே தாளத்தில் இடவலமாக மெல்ல ஆடினால், பிளேடில் துகள் சிக்கியிருக்கிறது அல்லது நுனி சிதைந்திருக்கிறது. இங்க் வடிகட்டியையும் பாருங்கள். பிளேடு ஆட, கோடு மட்டும் ஆணி அடித்தாற்போல் நின்றால் சிலிண்டரைச் சுற்றிக் கீறல் விழுந்திருக்கிறது. பிளேடை எத்தனை முறை மாற்றினாலும் அது போகாது.

ஒரு ஃபிளாஷில் தோன்றி அடுத்ததில் மறைந்துவிடும் புள்ளிகள் தூசு, இங்க் தெறிப்பு, ஃபிலிமிலேயே உள்ள ஜெல் கட்டி. எந்த ரோலரையும் தொட வேண்டாம்.

ரெஜிஸ்டர் மார்க்கையும் இதே கண்ணோடு படியுங்கள். ஒரு வண்ணம் முன்னும் பின்னும் நடுங்கினால் டென்ஷன் அலைகிறது அல்லது ரெஜிஸ்டர் கன்ட்ரோலர் அளவுக்கு மீறித் திருத்திக்கொண்டிருக்கிறது. ஒரே பக்கம் மெல்ல வழுக்கிக்கொண்டே போனால் டிரையர் சூட்டில் ஃபிலிம் நீள்கிறதா என்று பாருங்கள். இடது ஓரம் சரியாக இருந்து வலது ஓரம் விலகினால் கன்ட்ரோலரை நோண்டிப் பயனில்லை. ரோலர் இணையாக இல்லை, இல்லாவிட்டால் ஃபிலிம் ஒரு ஓரத்தில் தொய்வாக வந்திருக்கிறது.

மெதுவாக வரும் பிழைகளுக்கு இந்த விளக்கு தனியாகப் போதாது. இங்க் குழிகளில் காய்வதால் லைட் டோன் புள்ளிகள் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். பார்த்துக்கொண்டே இருப்பவருக்கு அது உறைக்காது. ஓகே செய்த சாம்பிளைப் பார்க்கும் இடத்திலேயே மாட்டிவைத்து, 15 நிமிடத்துக்கு ஒரு முறை ஒப்பிடுங்கள். ரோல் ஒட்டு கடந்ததும், இங்க்கோ சால்வென்டோ ஊற்றியதும், பிளேடு மாற்றியதும், வேகம் கூட்டியதும் கட்டாயம் ஒரு முறை.

ஆபத்து

நின்றதுபோல் தெரியும் சிலிண்டர் நிமிடத்துக்கு 400 சுற்று சுற்றுகிறது. ஸ்ட்ரோப் எரியும்போது துணியோ விரலோ ரோலர் பக்கம் போகவே கூடாது. பாதுகாப்பு மூடி (கார்டு) திறந்திருக்கும் இடத்தில் விளக்கை அடிக்கவும் கூடாது. பழகிய கைதான் முதலில் ஏமாறும்.

கிராவியூர் இங்க்கில் உள்ள எத்தில் அசிடேட்டின் ஆவி மைனஸ் 4 டிகிரி செல்சியஸிலேயே பொறி பட்டால் தீப்பற்றும். ஸெனான் விளக்கைத் தூண்டுவது பல ஆயிரம் வோல்ட். இங்க் யூனிட் அருகே ஃப்ளேம்ப்ரூஃப் சான்று பெற்ற விளக்கும் சென்சாரும்தான். இந்தியாவில் அந்த ஒப்புதலைத் தருவது பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு). கையில் பிடிக்கும் சாதாரண ஸ்ட்ரோபை யூனிட்டுக்குள் நீட்டுவது தீயோடு விளையாடுவது. ஸெனான் குழாய் மாற்றும்போது சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, கெபாசிட்டர் இறங்கக் கையேடு சொல்லும் நேரம் காத்திருங்கள். குழாயை வெறும் கையால் தொடாதீர்கள், விரலின் எண்ணெய்ப் பசை சூட்டில் கண்ணாடியைக் கெடுக்கும்.

நிமிடத்துக்கு 400 ஃபிளாஷ் என்பது வினாடிக்கு ஏறக்குறைய 7; 1,600 என்பது 27. வினாடிக்கு 3 முதல் 30 வரையிலான துடிப்பு வெளிச்ச வலிப்பு உள்ளவர்களுக்கு வலிப்பைத் தூண்டக்கூடியது. வலிப்பு நோய் உள்ளவரை இந்த இடத்தில் நிறுத்தக் கூடாது. மற்றவர்களும் 15 வினாடி பார்த்துவிட்டு அணைப்பது நல்லது. நாள் முழுக்க எரியவிட்டால் தலைவலி வரும், பிறகு யாரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

பிழை கண்ணில் பட்டதும் ரோலின் ஓரத்தில் கொடி (அடையாளத் துண்டு) வைத்து, மீட்டர் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கண்டுபிடித்து, கொடி வைக்க 10 வினாடி ஆனால் அதற்குள் 33 மீட்டர் சுற்றிவிட்டது. ஸ்லிட்டிங்கில் (ரோலைச் சிறு அகலங்களாக வெட்டும்போது) ரோல் தலைகீழாகத்தான் பிரியும். கொடி முதலில் வரும், பிழை அதற்குப் பின்னால் வரும். கடைசியாகச் சரியென்று பார்த்த மீட்டர் எண்ணையும் கொடியோடு எழுதிவிட்டால், எதுவரை வெட்டி எடுப்பது என்று ஸ்லிட்டர் ஆப்பரேட்டர் ஊகிக்க வேண்டியிருக்காது.