பம்ப்கின் பீர்: சுவைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் இலையுதிர் காலத்தை ஒட்டி வரும் பம்ப்கின் பீரை, அதாவது பரங்கிக்காய் பீரைக் குடித்துவிட்டு, "பரங்கிக்காய் சுவையே தெரியலையே" என்று உதடு பிதுக்குபவர்கள் நிறைய. தவறு அங்கேதான் ஆரம்பிக்கிறது. பரங்கிக்காயில் பெரும்பங்கு தண்ணீர். மீதியில் இருக்கும் மாவுச்சத்து, மால்ட்டோடு (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறும்போது சர்க்கரையாக உடைகிறது. அந்தச் சர்க்கரையை ஈஸ்ட் தின்றுவிடுகிறது. கடைசியில் மிஞ்சுவது லேசான காய்வாசனையும் கொஞ்சம் வழவழப்பும்தான்.

கலிஃபோர்னியாவின் ஹேவர்ட் நகரில் பஃபலோ பில்ஸ் என்ற சிறிய மதுக்கூடத்தை நடத்திய பில் ஓவன்ஸ், 1980களில் இதைச் செய்தே பார்த்தார். ஐரோப்பியர்கள் அமெரிக்காவில் குடியேறிய காலத்துப் பரங்கி பீரின் கதையால் ஆர்வம் வந்து, பரங்கிக்காயைப் போட்டு பீர் காய்ச்சினார். எதிர்பார்த்த சுவை வரவில்லை. அப்புறம் பம்ப்கின் பை (pie) என்ற பரங்கிக்காய் இனிப்புப் பண்டத்துக்குச் சேர்க்கும் மசாலாவைப் போட்டார். அந்தப் பழைய குடியேறிகள் பரங்கிக்காயைப் போட்டது மால்ட் தட்டுப்பாட்டைச் சமாளிக்க. மசாலா மணத்துக்காக அல்ல. ஆக, இன்றைய பம்ப்கின் பீரில் தேட வேண்டியது பட்டை, ஜாதிக்காய், கிராம்பு, இஞ்சி, ஆல்ஸ்பைஸ் ஆகியவற்றின் மணத்தை. பீர் நடுவர்களுக்கான பிஜேசிபி வழிகாட்டியும் இதை மசாலா பீர் பிரிவில், இலையுதிர் காலப் பருவ பீராகத்தான் வைத்திருக்கிறது.

சரி, மசாலா தெரிந்துவிட்டது, அத்தோடு வேலை முடிந்ததா என்றால் இல்லை. அடியில் நல்ல பீர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அதற்குப் பதில் கிடைக்காமல் செய்வது அதிகக் குளிர்ச்சி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே, அதுவும் ஃப்ரீசரில் வைத்து உறைபனி படிந்த கிளாஸில் ஊற்றினால், மணம் மேலே எழாது, இனிப்பு அடங்கிவிடும், கசப்பும் வாயுவின் குத்தலும் மட்டும் தூக்கலாக நிற்கும். சாதாரண கிளாஸே போதும். வாய் சற்று குறுகியதாக இருந்தால் மணம் தங்கும். முதல் வாய் குடித்துவிட்டு, பீர் சுமார் 10 டிகிரி செல்சியஸுக்கு வரும்வரை பொறுத்திருந்து மறுபடி குடியுங்கள். நன்றாகக் காய்ச்சிய பீரில் இப்போது கேரமல், பிஸ்கட், வறுத்த தானியம் என்று மால்ட்டின் சுவைகள் மசாலாவுக்குப் பின்னாலிருந்து வெளியே வரும். வெறும் பட்டைத்தூள் நெடி மட்டும் ஏறிக்கொண்டே போனால், காய்ச்சியவர் சாதாரண பீருக்கு மசாலா போர்வை போர்த்தியிருக்கிறார் என்று அர்த்தம். இந்த இரண்டாவது வாய்க்கு முன்னால் எந்தத் தீர்ப்பையும் நான் நம்புவதில்லை.

கிளாஸின் விளிம்பில் சர்க்கரையும் பட்டைத்தூளும் தடவித் தரும் பழக்கம் பல மதுக்கூடங்களில் உண்டு. கொண்டாட்டத்துக்குச் சரி. சுவை பார்க்கிறவர் வேண்டாம் என்று சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் விளிம்பைத்தான் சுவைத்துக்கொண்டிருப்பீர்கள்.

பல பீர்களைச் சின்னச் சின்ன கிளாஸ்களில் வரிசையாகக் குடிக்கும்போது இதை முதலில் எடுப்பதும் தவறு. கிராம்பிலுள்ள யூஜெனால் நாக்கை மரக்கச் செய்யும் தன்மை கொண்டது. மற்ற மசாலாக்களும் வாயை விட்டு லேசில் போகாது. அடுத்து வரும் மென்மையான பீர் பாவம், தண்ணீர் போலத் தெரியும். இதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு, இடையிடையே தண்ணீரும் வெறும் ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று: கிராம்பு வாசனை வந்தாலே கிராம்பு போட்டிருக்கிறார்கள் என்று முடிவுகட்டக் கூடாது. சில ஈஸ்ட் வகைகள் தாமாகவே அந்த வாசனையை உண்டாக்கும். ஜெர்மன் கோதுமை பீரில் வருவது அதுதான்.

பருவ பீர் என்பதால் அடுத்த ஆண்டுக்கு எடுத்துவைக்கலாம் என்று நினைப்பவர்களும் உண்டு. மசாலா மணம் மாதக்கணக்கில் மங்கும். காற்றுப்பட்ட பழைய பீரில் நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வரும். இந்த பீர்கள் கோடை முடியும் முன்பே கடைக்கு வந்துவிடுகின்றன. அதனால் டிசம்பரில் தள்ளுபடியில் கிடைப்பது அப்போதே சில மாதப் பழசாக இருக்கலாம். புட்டியில் அடைத்த தேதியைப் பாருங்கள்.

இனிப்பும் மசாலாவும் ஆல்கஹாலை மறைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அமெரிக்க பீர் நிறுவனமான டாக்ஃபிஷ் ஹெட்டின் பங்கின் ஏல் என்ற பம்ப்கின் பீரில் ஆல்கஹால் 7 சதவீதம். சதர்ன் டியர் என்ற இன்னொரு நிறுவனத்தின் பம்கிங்கில் 8.6 சதவீதம். அமெரிக்கக் கணக்கில் 5 சதவீத பீர் 355 மில்லி குடித்தால் ஒரு மது அளவு. அதே 355 மில்லி பம்கிங் கிட்டத்தட்ட 1.7 அளவு. இரண்டு குடித்துவிட்டுக் கார் சாவியைத் தொடவே கூடாது.

கூடவே என்ன சாப்பிடுவது? பொருத்தம் என்று நினைத்துப் பலர் பம்ப்கின் பையையே வைக்கிறார்கள். பையின் இனிப்பு பீரின் இனிப்பை விழுங்கிவிடும். மிச்சம் தெரிவது கசப்பும் ஒரு வெறுமையும். நன்கு முதிர்ந்த செடார் சீஸோ வறுத்த வான்கோழியோ இருந்தால் உப்பும் கொழுப்பும் மசாலாவோடு சேர்ந்துகொள்ளும், மால்ட்டும் தெரியும்.