டைனோ தாளைப் பார்த்து டீசல் பக்கி வாங்காதீர்கள்

டிசம்பர் போனஸ் கைக்கு வந்ததும் டர்பனில் பழைய பக்கி தேடுகிறவர்கள் கூட்டமாகக் கிளம்பிவிடுவார்கள். பின்னால் சுமைப்பெட்டி உள்ள பிக்கப் வண்டிக்குத் தென்னாப்பிரிக்காவில் பக்கி என்றுதான் பெயர். சாட்ஸ்வர்த்தில் ஒரு டீசல் பட்டறையில் வேலை பார்க்கிறேன். வாங்கும் முன் வண்டியைக் காட்டிக் கருத்துக் கேட்கிறவர்கள் குறைவு. வாங்கிய பிறகு கயிறு கட்டி இழுத்து வருகிறவர்கள் அதிகம். அதிலும் உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர், சக்தி கூட்டும் சிப் போட்ட எஞ்சின் என்று ஊரே திரும்பிப் பார்க்கும் வண்டியை வாங்கி, அதிலேயே தினமும் என்2 நெடுஞ்சாலையில் உம்ஷ்லாங்கா அலுவலகத்துக்குப் போகலாம் என்று நினைக்கும் தம்பிகள்தான் பெரிய அடி வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுக்கும் வண்டி என்றால் நான் இவ்வளவு சொல்லமாட்டேன். மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்டார்ட் ஆகியே தீரவேண்டிய வண்டியைப் பற்றித்தான் இது.

ஆயில் அளவு, டயர் தேய்மானம், பெயின்ட் அடித்த தடம் எல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

சக்தி கூட்டிய எஞ்சினைத் தாளை நம்பி வாங்குவது

இதைப் பற்றித்தான் அதிகம் பேசவேண்டும். டைனோ தாள் என்பது, வண்டியை உருளைமேல் ஓட்டி எஞ்சின் சக்தியை அளந்து அச்சடித்துக் கொடுக்கும் தாள். எத்தனை பேரிடம் சொல்லியும் இந்தத் தவறு நின்றபாடில்லை.

டீசல் எஞ்சினின் சக்தியைக் கூட்ட இங்கே இரண்டு வழி உண்டு. ஒன்று, எஞ்சினை இயக்கும் ஈசியு கணினியில் உள்ள மென்பொருளையே மாற்றி எழுதுவது. இன்னொன்று, சிப் என்று சொல்லி ஒரு சின்னப் பெட்டியை வயரில் இடையே செருகுவது. காமன் ரெயில் குழாயில் டீசல் எவ்வளவு அழுத்தத்தில் இருக்கிறது என்று ஒரு சென்சார் கணினிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். பல பெட்டிகள் அந்தத் தகவலை மறித்து, உண்மையான அழுத்தத்தைவிடக் குறைவாகக் காட்டும். கணினி அதை நம்பி அழுத்தத்தை ஏற்றும். டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரம் மாறாததால் அதற்குள் அதிக டீசல் உள்ளே போகிறது. வண்டி பாயும். பம்ப்பும் இன்ஜெக்டர்களும் தங்களுக்கு விதித்ததைவிட அதிக அழுத்தத்தில் ஓயாமல் உழைக்கும். எரியும் டீசல் கூடக்கூட வெளியேறும் புகையின் வெப்பமும் கூடும். அந்தச் சூட்டைப் பிஸ்டனும் டர்போவும் தாங்கவேண்டும், கூடிய முறுக்குவிசையைக் கிளட்ச் தாங்கவேண்டும்.

2005இல் வந்த தலைமுறை டொயோட்டா ஹைலக்ஸின் மூன்று லிட்டர் டி-4டி டீசல் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். பிராஸ்பெக்டன் தொழிற்சாலையில், நம் டர்பனிலேயே செய்த வண்டி. கம்பெனி கொடுத்த சக்தி 120 கிலோவாட், முறுக்குவிசை 343 நியூட்டன் மீட்டர். நிதானமாக ஓட்டினால் நெடுங்காலம் உழைக்கும் எஞ்சின்தான். ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு, டீசல் வேலை தெரிந்த எவரும் சொல்வார். ஒவ்வொரு இன்ஜெக்டருக்கும் அடியில் ஒரு செம்பு வாஷர் இருக்கிறது. அது சரியாக உட்காராமல் போனாலோ, காலப்போக்கில் கசியத் தொடங்கினாலோ, எரிந்த வாயு மேலே ஏறி வால்வு மூடிக்குள் புகும். அங்கே ஆயிலோடு கலந்து கெட்டியான கரியாகும். கரி கீழே சம்புக்கு, அதாவது எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டிக்கு இறங்கி, ஆயிலை உறிஞ்சும் குழாயின் ஸ்ட்ரெய்னரில் காபி வடிகட்டியில் தூள் அடைப்பதுபோல அடைத்துக்கொள்ளும். ஆயில் அழுத்தம் விழும். பேரிங் போகும். பிறகு எஞ்சினே போகும். சக்தி கூட்டாத வண்டியிலும் இது நடக்கலாம். சிலிண்டருக்குள் அழுத்தத்தையும் சூட்டையும் ஏற்றிவிட்டால், கசிவு இருக்கும் இடத்தில் கேடு இன்னும் வேகமாக வளரும்.

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்கு வந்த ஒரு தம்பி, மூன்று லிட்டர் டீசல் பக்கி ஒன்றை வாங்கினார். எந்தக் கம்பெனி வண்டி என்பது இங்கே முக்கியமில்லை. விற்றவர் டைனோ தாளைக் காட்டியிருக்கிறார்: சிப் போடுவதற்கு முன் ஒரு கோடு, போட்ட பின் ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவே பெரிய இடைவெளி. அதைப் பார்த்துச் சந்தை விலைக்கு மேலே பணம் கொடுத்திருக்கிறார். வண்டி பார்க்கப் போனபோது எஞ்சின் ஏற்கெனவே சூடாக இருந்ததாம். "இப்பதான் கடைக்குப் போயிட்டு வந்தேன்" என்றாராம் விற்றவர். சில மாதம் கழித்து, பைன்டவுனிலிருந்து எம்13 சாலையில் ஃபீல்ட்ஸ் ஹில் ஏற்றத்தில் ஆயில் விளக்கு எரிந்திருக்கிறது. மேலே போய் நிறுத்திக்கொள்ளலாம் என்று ஓட்டியிருக்கிறார். சம்பைக் கழற்றினேன். ஸ்ட்ரெய்னரில் ஓட்டை இருந்த தடமே தெரியவில்லை, முழுக்கக் கரி. பேரிங் ஓடு தேய்ந்து செம்பு தெரிந்தது. "அண்ணா, டைனோ ஷீட் இருக்கே" என்றுதான் அப்போதும் கேட்டார். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை. ஒரு தாளை எஞ்சினின் உடல்நலச் சான்றிதழாகக் காட்டிப் பணம் வாங்குகிறார்களே, அதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது. அந்தத் தாள், அன்று அந்த உருளைமேல் வண்டி எவ்வளவு இழுத்தது என்பதை மட்டும் சொல்லும். வாஷரைப் பற்றியோ ஸ்ட்ரெய்னரைப் பற்றியோ அதில் ஒரு வரி கிடையாது. சக்தி கூட்டிய எஞ்சினுக்குக் கூடுதல் விலை கொடுக்கக் கூடாது. பேரம் பேசிக் குறைக்கத்தான் வேண்டும்.

பார்க்கப் போவதென்றால் காலையில் போங்கள். "நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று முதல் நாளே சொல்லிவையுங்கள். போனதும் பானட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகும்போது கேட்கும் தட்டல், வெளியே வரும் வெள்ளைப் புகை, ஐடிலில் வரும் நடுக்கம் எல்லாம் எஞ்சின் சூடானபின் மறைந்துவிடலாம். அடுத்து ஸ்கேனரை மாட்டி நான்கு இன்ஜெக்டர்களின் திருத்த அளவையும், அதாவது ஒவ்வொன்றுக்கும் கணினி டீசலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறது என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மூன்று ஒரே மாதிரி இருந்து ஒன்று மட்டும் விலகி நின்றால் அங்கேதான் கோளாறு. டி-4டி எஞ்சின் என்றால் சம்பைக் கழற்றி ஸ்ட்ரெய்னரைப் பார்க்கும் செலவை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைப்பதற்கு முன்னால் இதைச் செய்யவேண்டும். விற்பவர் சம்பைத் தொடவே விடமாட்டேன் என்றால், பதில் கிடைத்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பதற்கு முந்தைய நாள் பெட்டியைக் கழற்றி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. ரெயில் சென்சார் பிளக்கைச் சுற்றிப் புதிய டேப், அறுத்த கட்டு, வேறு நிற வயர் இருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள். மென்பொருளை மாற்றியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால் யார் செய்தது, கம்பெனியின் பழைய மென்பொருள் கோப்பு இருக்கிறதா, அதை மீண்டும் ஏற்றித் தருவார்களா என்று கேளுங்கள். தினசரி ஓட்டத்துக்குப் பழைய கோப்புக்கே திரும்பிவிடுங்கள் என்பதுதான் என் கருத்து.

இன்னொன்று. டர்பனில், கடல்மட்டத்தில் வைத்துச் சக்தி கூட்டிய வண்டி, என்3 வழியாக வான் ரீனன் கணவாய் ஏறி ஜோஹன்னஸ்பர்க் போகும்போது 1,700 மீட்டருக்கு மேலே வேலை செய்கிறது. அங்கே காற்று மெலிந்தது. அதே அழுத்தத்தைக் கொடுக்க டர்போ இன்னும் வேகமாகச் சுழலவேண்டும். இங்கேயே எல்லையைத் தொட்டுக்கொண்டிருந்த டர்போ அங்கே எல்லை தாண்டலாம். தீபாவளிக்குச் சொந்தக்காரர் வீட்டுக்குக் குடும்பத்தோடு போகிற வழியில் இது வேண்டாம்.

டயரைப் பார்த்து மயங்கி, மீட்டரை நம்புவது

265/65 ஆர்17 டயர் இருந்த இடத்தில் 285/70 ஆர்17 போட்டால் சக்கரத்தின் விட்டம் 776 மில்லிமீட்டரிலிருந்து 831 ஆகிறது, அதாவது 7 சதவீதம் கூடுதல். மீட்டரைத் திருத்தாமல் விட்டால் அது அந்த அளவுக்குக் குறைத்துக் காட்டும். நெடுஞ்சாலையில் 120 கிலோமீட்டர்தான் எல்லை. மீட்டரில் 120 வைத்துப் போகிறவர் உண்மையில் 128 வரைகூடப் போகலாம், காமிராவுக்கு அதுதான் தெரியும். அதே மீட்டர்தான் ஓடிய தூரத்தையும் எண்ணுகிறது. பெரிய டயரில் 1,00,000 ஓடியதாகக் காட்டும் வண்டி 1,07,000 ஓடியிருக்கும். டைமிங் பெல்ட்டை 1,50,000இல் மாற்றவேண்டிய எஞ்சினுக்கு இந்த வித்தியாசம் சின்னதில்லை.

எடை கூடிய சக்கரத்தை நிறுத்த அதே பழைய பிரேக்தான் இருக்கிறது. மண்பாதைக்கான முரட்டு டயர், மழையில் நனைந்த தார்ச்சாலையில் பிடிப்புக் குறைவு. டர்பன் கோடைமழையில் எம்7 சாலையில் திடீரென நிற்கவேண்டி வந்தால் அப்போது தெரியும். வாங்கினால் விற்பவரிடம் பழைய சக்கரங்களையும் கேட்டு வாங்குங்கள். பலர் கராஜில் போட்டு வைத்திருப்பார்கள்.

அதிகம் உயர்த்திய சஸ்பென்ஷன்

முன்புறம் 50 மில்லிமீட்டர் வரை உயர்த்தியது பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேலே போனால் முன்சக்கரத்துக்குச் சக்தியைக் கடத்தும் சிவி ஜாயின்ட்டும், சக்கரத்தைத் தாங்கித் திரும்பவிடும் பால் ஜாயின்ட்டும் நேராக இல்லாமல் சாய்ந்த கோணத்தில் வேலை செய்து சீக்கிரம் தேயும். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டிக் கடகட சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். பின்னால் கனமான லீஃப் (பட்டை ஸ்பிரிங்) போட்டிருந்தால் காலி வண்டி குதிக்கும். அம்மா அப்பாவை ஏற்றிப் போகிறவர்கள் முதலில் அவர்களை ஒரு தடவை ஏறி இறங்கச் சொல்லிப் பாருங்கள். ஷாப்பிங் மால் பார்க்கிங்கின் உயர வரம்பையும் பாருங்கள்.

ஸ்னார்க்கல்

எஞ்சினுக்கான காற்றைக் கூரை உயரத்திலிருந்து எடுத்துவரும் குழாய் இது. இணைப்பில் இடைவெளி இருந்தால் தூசி நேரே எஞ்சினுக்குள் போகும்.

கூடுதல் விளக்கு, இரண்டாவது பாட்டரி

பாட்டரியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தடித்த வயருக்கும் பாட்டரி அருகிலேயே ஃபியூஸ் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வண்டி தீப்பிடிக்க ஒரு உராய்வு போதும்.

டிபிஎஃப் எடுத்த வண்டி

டிபிஎஃப் என்னும் புகை வடிகட்டியை வெட்டி எடுத்தவர் கணினியையும் ஏமாற்றியிருக்கிறார். ஆகவே மேலே சொன்னதெல்லாம் இதற்கும் பொருந்தும். திரும்பப் பொருத்துவதற்கு ஆகும் செலவைக் கேட்டுவிட்டு விலை பேசுங்கள்.

கடலில் இறங்கிய பக்கி

குவாசுலு-நாட்டால் கடற்கரையில் ஸ்கி-போட் எனும் சிறிய மீன்பிடிப் படகை அலைக்குள் இறக்கி ஏற்றும் பழக்கம் உண்டு. அந்த வேலை பார்த்த பக்கிதான் பிறகு பளபளவென்று கருப்புப் பூச்சு அடித்து விற்பனைக்கு வருகிறது. சேஸிஸ் மேல் புதுக் கருப்புப் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். லீஃப்களின் இடைவெளி, பிரேக் குழாய், டோ பார் (இழுவைக் கம்பி) போல்ட், சுமைப்பெட்டியின் உள்விரிப்புக்கு அடிப்பகுதி ஆகிய இடங்களில் பூச்சு போகாது. துரு அங்கே இருக்கும். விரிப்பைத் தூக்கிப் பார்க்க விடாதவரிடம் வாங்க வேண்டாம்.

காப்பீட்டுக்காரரிடம் சொல்லாமல் விடுவது

மாதத் தவணை கூடும் என்று பயந்து மாற்றங்களை மறைக்கிறார்கள். சிப், உயர்த்திய சஸ்பென்ஷன், பெரிய டயர் எதையும் சொல்லாமல் விட்டு விபத்தானால், அதையே காரணம் காட்டி இழப்பீட்டை மறுக்க அவர்களுக்கு வழி இருக்கிறது. வாங்குவதற்கு முன்பே பட்டியலை அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். சில மாற்றங்களுக்குக் காப்பீடே கிடையாது என்று பதில் வரலாம். அது பணம் கொடுப்பதற்கு முன்னால் தெரியவேண்டும்.

ரோட்வர்த்தி சான்றிதழ் இருக்கிறதே என்று நினைப்பது

பெயர் மாற்ற அது வேண்டும். பிரேக், விளக்கு, ஸ்டியரிங் போன்றவற்றைத்தான் பார்ப்பார்கள். இன்ஜெக்டரைத் திறந்து பார்க்கமாட்டார்கள்.

ஃபூட்ஸ்டூட்ஸ் என்று கையெழுத்துப் போடுவது

இருக்கிற நிலையில் வாங்கிக்கொள்கிறேன் என்று பொருள்படும் இந்த நிபந்தனை, தனிநபர் விற்பனையில் செல்லும். கோளாறு தெரிந்தே மறைத்தார் என்று நிரூபித்தால் விற்றவர் தப்பிக்க முடியாது. ஆனால் நிரூபிக்கவேண்டியது நீங்கள். எனவே எல்லாக் கேள்வியையும் வாட்ஸ்அப்பில் கேளுங்கள்: எஞ்சினைத் திறந்ததுண்டா, சிப் போட்டதுண்டா, ஆயில் விளக்கு எப்போதாவது எரிந்ததா. பதிலை அழிக்காமல் வைத்திருங்கள்.

வியாபாரியிடம் வாங்கினால் 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதப் பாதுகாப்புத் தருகிறது. குறையுள்ள வண்டியைப் பழுதுபார்க்கவோ, மாற்றவோ, பணத்தைத் திருப்பவோ கேட்கலாம். ஆனால் இந்தக் குறை இருக்கிறது என்று குறிப்பாகச் சொல்லி நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், அந்தக் குறைக்காக அப்படிக் கேட்க முடியாது. ஒப்பந்தத்தின் சின்ன எழுத்தில் உள்ள, வண்டியின் மாற்றங்கள், குறைகள் பற்றிய பட்டியலைப் படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். வாங்கிய மறுவாரமே நீங்களாக எதையாவது மாற்றினாலும் அந்தப் பாதுகாப்பு பலவீனப்படும்.

எஞ்சின் எண்

பதிவுத்தாளில் உள்ள எண்ணோடு ஒத்துப்போகவில்லை என்றால், போலீஸ் அனுமதியும் பதிவு மாற்றமும் விற்பவர் பெயரில் முடியும்வரை ஒரு ராண்டும் கொடுக்காதீர்கள்.