ஆய்வுத் தளத்துக்கு வழி அமைத்தல்: ஒரு வீடு, பல வாசல்கள்

ஆய்வுக் குழு ஒன்றுக்கு இணையத்தளம் அமைக்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் முகப்புப் படத்தையும் நிறத்தையும்தான் முதலில் தேர்ந்தெடுக்கிறார்கள். எந்த ஆவணம் எங்கே இருக்கும், வாசகர் எவ்வழியாக அதைச் சென்றடைவார் என்ற கேள்வி கடைசி வாரத்துக்குத் தள்ளிப்போகிறது. அதை முதலிலேயே தீர்த்துக்கொள்வது எப்படி என்பதையே இங்கே எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்காகத் திருகோணமலையில் ஒரு கற்பனைக் குழுவை வைத்துக்கொள்வோம். புறாத்தீவின் பவளப்பாறைகள், கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழின் நீர் வெப்பநிலை, கொட்டியாரக் குடாவின் மீன்பிடி ஆகிய மூன்றையும் அக்குழு ஆராய்கிறது. கணினி நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. ஒரு எக்செல் தாளும் ஒரு கட்டு வெற்று அட்டைகளும் போதும்.

படி 1: இருப்பதை எழுதுதல்

குழுவிடம் உள்ள ஒவ்வொரு அறிக்கையையும், கட்டுரையையும், தரவுக் கோப்பையும், வரைபடத்தையும் வரிக்கு ஒன்றாக எக்செல் தாளில் எழுதுங்கள். தலைப்பு, ஆண்டு, இடம், மொழி, கோப்பு வகை, பொறுப்பாளர் என்பவை தனித்தனி நிரல்களாக (நெடுவரிசைகளாக) இருக்கட்டும். பழைய தமிழ் அறிக்கைகளுக்கு இன்னொரு நிரலும் வேண்டும்: கோப்பு யூனிகோடில் (எல்லா மொழிகளுக்குமான பொது எழுத்துக் குறியீட்டில்) உள்ளதா, பாமினியில் உள்ளதா? பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் தமிழாகத் தெரிந்தாலும், அதனுள்ளே சேமிக்கப்பட்டிருப்பவை ஆங்கில விசைப்பலகையின் எழுத்துகளே. ஆகவே 'பவளம்' என்று தேடுபவருக்கு அது அகப்படாது. மெனுவை எவ்வளவு செம்மையாக அமைத்தாலும் இக்குறை தீராது என்பதால், மாற்ற வேண்டிய கோப்புகளை இப்போதே குறித்துவிடுங்கள்.

படி 2: வருபவரின் கேள்விகளை எழுதுதல்

"தளத்துக்கு யார் வருவார்கள்?" என்று பொதுவாகக் கேட்டால் "எல்லோரும்" என்ற பதில்தான் வரும். அதற்குப் பதிலாக அவர்கள் கேட்கக்கூடிய கேள்விகளை அவர்கள் வாய்மொழியிலேயே எழுதுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாகத்து மாணவி, "கன்னியா அளவீடுகளை எக்செலாக எடுக்கலாமா?" என்று கேட்கலாம். மூதூர்க் கடற்றொழிலாளர், "போன வாடையில் குடாவுக்குள் என்ன மீன் பட்டது?" என்று கேட்கலாம். வெளிநாட்டு ஆய்வாளருக்குக் கட்டுரையை மேற்கோள் காட்டும் முறை தேவைப்படலாம். இக்கேள்விகள் எதிலும் நிதி வழங்கிய திட்டத்தின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள். நான் ஒருமுறை உதவிய தளமொன்றின் மெனுவில் ஐந்து திட்டங்களின் சுருக்கப் பெயர்களே வரிசையாக நின்றன. திட்டங்கள் முடிந்த சில காலத்தில், அவற்றில் இரண்டின் விரிவு குழுவினருக்கே நினைவில் இருக்கவில்லை.

படி 3: அட்டைகளை அடுக்கச் சொல்லுதல்

எக்செல் தாளிலிருந்து நாற்பது தலைப்புகளைத் தெரிந்தெடுத்து, அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள். குழுவுக்கு வெளியே உள்ள ஒருவரை மேசை முன் அமர்த்தி, ஒன்றோடொன்று சேரும் என்று தோன்றுபவற்றைக் குவியல்களாக வைக்கவும், பின்னர் ஒவ்வொரு குவியலுக்கும் அவரே பெயரிடவும் சொல்லுங்கள். பதினைந்து பேர் கிடைத்தால் நன்று. ஆறேழு பேரிடம் செய்தாலும் பயன் உண்டு. அவர் அடுக்கும்போது நீங்கள் விளக்கம் சொல்லக்கூடாது. இது கேட்க எளிது, கடைப்பிடிக்கக் கடினம்.

இரண்டு விடயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். முதலாவது, அவர் இடும் பெயர். நீங்கள் 'வடகீழ்ப் பருவக்காற்றுக் காலம்' என்று எழுதிய அட்டையைக் கடற்றொழிலாளர் ஒருவர் படித்துவிட்டு "ஓ, வாடையா" என்பார். அந்தச் சொல் தளத்தில் எங்காவது இருந்தாக வேண்டும். இரண்டாவது, தயக்கம். 'புறாத்தீவில் வலைகளால் பவளத்துக்கு ஏற்படும் சேதம்' என்ற அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, பவளக் குவியலுக்கும் மீன்பிடிக் குவியலுக்கும் இடையே அவர் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்று பாருங்கள். அத்தகைய அட்டைகளின் மூலையில் ஒரு புள்ளி இடுங்கள். அடுத்த படி அவற்றுக்காகவே.

படி 4: ஒரு வீடு, பல வாசல்கள்

தயங்கிய அட்டையை இரண்டு பிரிவுகளிலும் படியெடுத்து வைத்துவிடலாம் என்றே எவருக்கும் முதலில் தோன்றும். வேண்டாம். ஆறு மாதத்தில் ஒரு படி திருத்தப்பட்டு மற்றது பழையதாகவே கிடக்கும். எது சரியென்று வாசகருக்குத் தெரியாது. இச்சிக்கலை இணையத்துக்கு நெடுங்காலம் முன்னரே எதிர்கொண்டவர், சீர்காழியில் 1892இல் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ். ஆர். இரங்கநாதன். 1933இல் அவர் வெளியிட்ட, நூல்களை வகைப்படுத்தும் கோலன் பகுப்புமுறை, ஒரு நூலின் பொருளை ஒரே கிளையில் அடைத்துவிடாமல் பல முகங்களாகப் பிரித்து விவரித்தது. பின்னர் அம்முகங்களை ஆளுமை, பருப்பொருள், ஆற்றல், இடம், காலம் என ஐந்தாக வகுத்தார். இன்று கடைத் தளங்களில் நிறம், அளவு, விலை என்று வடிகட்டித் தேடுகிறோமே, அதுவும் இந்தச் சிந்தனையின் வழியில் வருவதுதான்.

நமது குழுவுக்கு நான்கு முகங்கள் போதும்: ஆய்வுப்பொருள், இடம், காலம், ஆவண வகை. வலைச் சேத அறிக்கைக்கு ஒரே பக்கம், ஒரே முகவரி. ஆனால் 'பவளம்', 'மீன்பிடி', 'புறாத்தீவு' ஆகிய மூன்று வாசல்கள் வழியாகவும் அதை அடையலாம். எக்செல் தாளில் இந்நான்குக்கும் நிரல் சேர்த்து, ஒவ்வொரு வரியையும் நிரப்புங்கள்.

படி 5: மெனுவும் மொழியும்

மேல் மெனுவில் 'ஆய்வுகள்', 'இடங்கள்', 'தரவுகள்', 'வெளியீடுகள்', 'எங்களைப் பற்றி' என ஐந்து சொற்கள் இருக்கட்டும். ஏழுக்கு மேல் கூடாது என்று பலர் சொல்வது, குறுகிய கால நினைவாற்றல் பற்றி 1956இல் வெளியான உளவியல் கட்டுரை ஒன்றிலிருந்து தவறாக எடுத்தாளப்பட்ட விதி. மெனு கண்முன்னே இருப்பதால் அதை எவரும் மனனம் செய்ய வேண்டியதில்லை. எண்ணிக்கையைவிட, 'வளங்கள்', 'ஆவணங்கள்', 'வெளியீடுகள்' என்று ஒன்றையே சுட்டும் சொற்கள் அருகருகே வராமல் பார்த்துக்கொள்வது முக்கியம்.

தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்ற மூன்று மொழிப் பெயர்களும் அவ்வவற்றின் எழுத்திலேயே இருக்க வேண்டும். மொழியை மாற்றும்போது வாசகர் அதே பக்கத்தின் மறுமொழி வடிவத்துக்குப் போக வேண்டும், முகப்புக்கு அல்ல. தேடற்பெட்டியில் திருகோணமலை, திருக்கோணமலை, திருமலை ஆகிய மூன்றும் ஒரே விடையைத் தர வேண்டும். புறாத்தீவும் புறாமலையும், வாடையும் வடகீழ்ப் பருவக்காற்றும் அவ்வாறே.

படி 6: முகவரி

பக்க முகவரியில் திட்டப் பெயரும் ஆள் பெயரும் வேண்டாம், இரண்டும் மாறுபவை. தமிழில் முகவரி வைக்க ஆசை எழும், ஆனால் 'திருகோணமலை' என்ற ஒரு சொல்லையே மின்னஞ்சலில் ஒட்டினால், அது சதவீதக் குறிகள் நிறைந்த 90 எழுத்துகளாக நீளக்கூடும். குறுகிய ஆங்கில எழுத்து முகவரியே நடைமுறைக்கு உகந்தது. ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கம் கொடுத்து, பீடிஎஃப் கோப்பை 5 எம்பிக்குள் வைத்தால் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலர் அதை எளிதில் சேர்த்துக்கொள்ளும்.

படி 7: காகிதத்தில் சோதித்தல்

படங்கள் இன்றி, மெனுவையும் அதன் உட்பிரிவுகளையும் மட்டும் ஒரு தாளில் எழுதி ஐந்து பேரிடம் காட்டுங்கள். இரண்டாம் படியில் எழுதிய கேள்விகளை ஒவ்வொன்றாகப் படித்து, "இதை எங்கே தேடுவீர்கள்?" என்று மட்டும் கேட்டு, அவர்கள் விரல் முதலில் தொடும் சொல்லைக் குறியுங்கள். மூன்று பேர் ஒரே தவறான சொல்லைத் தொட்டால், அந்தச் சொல்லை மாற்றி வேறு ஐந்து பேரிடம் மீண்டும் கேளுங்கள். அதன் பின்னர் தளத்தைக் கட்டத் தொடங்கலாம். எக்செல் தாளை மட்டும் மூடிவிடாதீர்கள். புதிய அறிக்கை எதுவும் முதலில் அதில் ஒரு வரியாகி, நான்கு முகங்களும் நிரம்பிய பிறகே தளத்தில் ஏற வேண்டும்.