வீட்டு டேகேருக்கு லைசென்ஸ் எடுப்பதா வேண்டாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தெரிந்தவர் ஒருவர் வேலைக்குத் திரும்ப வேண்டியிருக்கும். "நீங்கதான் வீட்ல இருக்கீங்களே, என் பிள்ளையையும் சேர்த்துப் பார்த்துக்கிறீங்களா?" என்று கேட்பார். நாமும் சரி என்போம். இரண்டு மாதத்தில் அவருடைய தோழி கேட்பார், அப்புறம் எதிர்வீட்டில் ஒருவர். ஒரு நாள் காலையில் பார்த்தால் வாசலில் நாலு ஜோடி குட்டிச் செருப்பு கிடக்கும். பலருக்கும் வீட்டு டேகேர் இப்படித்தான் ஆரம்பிக்கிறது, எனக்கும் அப்படித்தான். லைசென்ஸ் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான் வருகிறது, அதற்குள் சில இடங்களில் நாம் சட்டத்தை மீறியே இருப்போம்.

"நாலு பிள்ளைங்கதானே, இதுக்கெல்லாமா லைசென்ஸ்" என்று நாமாக முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. எத்தனை பிள்ளைகள், என்ன வயது, எத்தனை குடும்பத்துப் பிள்ளைகள், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், பணம் வாங்குகிறோமா, இதை வைத்துத்தான் சட்டம் தீர்மானிக்கிறது, அதுவும் ஊருக்கு ஊர் வேறு. கனடாவின் ஒண்டாரியோவில் லைசென்ஸ் இல்லாமல் 13 வயதுக்குட்பட்ட 5 பிள்ளைகள் வரை பார்க்கலாம், அதில் 2 வயதுக்குட்பட்டவர்கள் 3 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. கலிபோர்னியாவில் உங்கள் பிள்ளைகளோடு வேறு ஒரே ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் பார்த்தால் லைசென்ஸ் வேண்டாம், இரண்டாவது குடும்பம் வந்தவுடன் வேண்டும். இங்கிலாந்தில் 8 வயதுக்குட்பட்ட ஒரே ஒரு பிள்ளையை உங்கள் வீட்டில் பணம் வாங்கிக்கொண்டு நாளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பார்த்தாலே பதிவு செய்ய வேண்டும். இப்போது யோசியுங்கள், வேறு ஊரில் இருக்கும் அக்கா "நான் எடுக்கலியே" என்று சொன்னதை வைத்து நீங்கள் முடிவெடுத்தால் என்ன ஆகும்?

இதிலேயே இன்னொன்று இருக்கிறது, நம் சொந்தப் பிள்ளையைக் கணக்கில் விட்டுவிடுவது. ஒண்டாரியோவில் 4 வயதுக்குட்பட்ட சொந்தப் பிள்ளையும் அந்த ஐந்தில் ஒன்றுதான். பள்ளி விட்டு வரும் பெரிய பிள்ளைகளும் சில இடங்களில் கணக்கில் வருவார்கள். அதனால் லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகத்திடமே கேளுங்கள், உங்கள் வீட்டில் யார் யார், என்ன வயது என்று முழுசாக எழுதி மின்னஞ்சலில் கேளுங்கள். போனில் கேட்ட பதில் நாளைக்கு உங்கள் கையில் இருக்காது.

சட்டப்படி லைசென்ஸ் தேவையில்லை என்று தெரிந்தவுடன் "அப்போ எந்த விதியும் இல்லை" என்று நிம்மதியாவதும் தவறுதான். ஒண்டாரியோவையே எடுத்துக்கொண்டால், லைசென்ஸ் இல்லாதவர் அதைப் பெற்றோரிடம் எழுத்தில் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் அப்படி விதி இல்லாவிட்டாலும் சொல்லிவிடுங்கள், ஒரு தாய் தன் பிள்ளையை விட்டுப் போகிறாள், அவளுக்குத் தெரிய வேண்டிய முதல் விஷயம் இது. வரும் பணமும் வருமானம்தான், லைசென்ஸ் இல்லை என்பதற்காக அது வரிக் கணக்கிலிருந்து மறைந்துவிடாது.

அடுத்தது, லைசென்ஸ் நமக்கு மட்டும்தான் என்று நினைப்பது. அது அந்த வீட்டுக்கே சேர்த்துக் கொடுப்பது. வீட்டில் இருக்கும் பெரியவர்கள் எல்லோருக்கும் போலீஸ் பின்னணிச் சரிபார்ப்பு கேட்கும் இடங்கள் நிறைய. கணவர், மாமியார், படிப்பதற்காகத் தங்கியிருக்கும் தம்பி, எல்லோரிடமும் முன்கூட்டியே பேச வேண்டும். ஹாலில் புகைபிடிப்பவர் ஒருவர் இருந்தாலும் பேச வேண்டியதுதான். வாடகை வீடு என்றால் உரிமையாளர், அடுக்குமாடி என்றால் சங்கம். இன்ஷூரன்ஸையும் மறந்துவிடுவோம். சாதாரண வீட்டு இன்ஷூரன்ஸ் பெரும்பாலும் வீட்டில் நடக்கும் தொழிலுக்குச் செல்லாது, பிள்ளை விழுந்து கை முறிந்தால் அந்தச் செலவு முழுக்க உங்கள் தலையில் வந்து விழலாம். லைசென்ஸ் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் இதைத் தனியாகக் கேட்டே ஆக வேண்டும்.

விண்ணப்பக் கட்டணத்தை மட்டும் பார்த்து "செலவு அதிகம்" என்று பின்வாங்குபவர்களைப் பார்த்திருக்கிறேன். செலவு உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன்: முதலுதவி, சிபிஆர் (மூச்சோ இதயத்துடிப்போ நின்றால் நெஞ்சை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு) பயிற்சி, படிக்குத் தடுப்புக் கதவு, புகை அலாரம், தீயணைப்பான், அப்புறம் வருகைப் பதிவேடு எழுதும் நேரம். ஆனால் மறுபக்கத்தையும் கூட்டிப் பாருங்கள். அரசு உதவித்தொகை வாங்கும் பெற்றோர் பல இடங்களில் லைசென்ஸ் உள்ள இடத்தில்தான் பிள்ளையைச் சேர்க்க முடியும். அமெரிக்காவில் லைசென்ஸோ அரசு அங்கீகாரமோ உள்ள வீட்டு டேகேர்களுக்குப் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் திட்டமே இருக்கிறது. பொதுவாக, கூடுதலாகப் பிள்ளைகளைச் சேர்க்கவும் முடியும். மூன்று மாதக் கணக்கு போட்டால் நஷ்டமாகத் தெரிவது இரண்டு வருடக் கணக்கில் வேறு மாதிரி தெரியலாம். ஒரே ஒரு பிள்ளையை, ஒரு வருடத்துக்கு மட்டும் பார்க்கப் போகிறீர்கள், உங்கள் ஊர்ச் சட்டமும் அனுமதிக்கிறது என்றால், எடுக்காமல் இருப்பதும் நியாயமான முடிவுதான்.

இன்ஸ்பெக்ஷனுக்குப் பயந்து ஒதுங்குவதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தரும் தவறு. வருபவர் குறை கண்டுபிடிக்கத்தான் வருகிறார், கண்டுபிடிக்கட்டுமே. விண்ணப்பிக்கும் முன் நான் ஒன்று செய்தேன், நீங்களும் செய்யுங்கள். தரையில் கன்னம் படும் அளவுக்குக் குனிந்து, தவழ்ந்துகொண்டே வீடு முழுக்க ஒரு சுற்று வந்தேன். சோபாவுக்கு அடியில் ஒரு பழைய ரிமோட், மூடி கழன்று, உள்ளே பளபளவென்று பட்டன் பேட்டரி. அது தொண்டையில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துவிடும். ஜன்னல் திரையின் கயிறு சரியாக ஒரு வயதுப் பிள்ளையின் கழுத்து உயரத்தில் வளையமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. சிங்குக்குக் கீழே பூட்டில்லாத கதவு, உள்ளே கழிப்பறை கழுவும் திரவம். பல வருடமாக நான் தினமும் கூட்டிப் பெருக்கும் வீடு அது, நின்றுகொண்டு பார்த்தவரை ஒன்றும் என் கண்ணில் படவில்லை.

தூங்க வைப்பதும் அப்படித்தான். நாலு பிள்ளை வளர்த்தவருக்குக்கூட, கைக்குழந்தையை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், கெட்டியான சமமான படுக்கை வேண்டும், தலையணையோ பொம்மையோ பக்கத்தில் இருக்கக்கூடாது என்பது பயிற்சிக்குப் போனால்தான் தெரிகிறது. 1994-இல் அமெரிக்காவில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பெரிய பிரசாரம் தொடங்கிய பிறகு, காரணம் தெரியாத திடீர் சிசு மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. ஒரு பழக்கத்தை மாற்றியதால் பிழைத்த உயிர்கள் அவை.

லைசென்ஸ் கிடைத்த பிறகு செய்யும் தவறும் ஒன்று உண்டு, அதில் எழுதியிருக்கும் எண்ணிக்கை வரை பிள்ளைகளை நிரப்பிவிடுவது. அது மேல் எல்லை, அவ்வளவுதான். எனக்கு இது புரிந்தது லைசென்ஸ் எடுப்பதற்கு முன்பே, ஒரு மத்தியானம். அடுப்பில் பாத்திரம் தீய்ந்து புகை அலாரம் அலறியது. நடக்கத் தெரியாத குழந்தைகள் இரண்டு பேர், இரண்டு வயதில் ஒருத்தி, நாலு வயதில் ஒருவன். இரண்டு குழந்தைகளையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு திரும்பினால், இரண்டு வயதுக்காரி சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். பெரியவன் காதைப் பொத்திக்கொண்டு நின்ற இடத்தை விட்டு அசையவில்லை. நெருப்பு இல்லை, வெறும் புகைதான், ஆனாலும் எல்லோரையும் வெளியே கொண்டுவர எனக்கு மூன்று நடை ஆனது. கைக்குழந்தைகளின் எண்ணிக்கைக்கு மட்டும் சட்டம் ஏன் அவ்வளவு கறாராக இருக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

மறுநாளே ஒரு குழந்தையின் அம்மாவிடம் பேசி, வேறு இடம் கிடைக்கும் வரை நேரத்தை மாற்றிக்கொண்டோம். அந்த வாரமே விண்ணப்பம் போட்டேன். உரிமம் கைக்கு வரும் வரை, கேட்டு வந்த எல்லோரிடமும், "இன்னும் லைசென்ஸ் வரல, அதுவரைக்கும் மூணு பேருக்கு மேல எடுக்க மாட்டேன்" என்று முதல் பேச்சிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு பேர் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் காத்திருந்தார்.