தூய்மைப் பணியாளர் காயக் கணக்கு: ஆண்டுகளை ஒப்பிடுவது எப்படி

"போன வருஷம் 9 காயம், இந்த வருஷம் 6, குறைந்துவிட்டது" என்று நகராட்சி அறிக்கையில் எழுதுவது சுலபம். எத்தனை பேர், எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார்கள் என்று யாராவது கேட்டால் அந்த வரி நிற்காது.

முதலில் மேஸ்திரியின் வருகைப் பதிவேடு, மருத்துவ விடுப்பு மனுக்கள், ஒப்பந்தக்காரர் அனுப்பிய இ.எஸ்.ஐ. விபத்து அறிக்கைகள் மூன்றையும் பக்கத்தில் வையுங்கள். விபத்துப் பதிவேட்டை மட்டும் நம்பக்கூடாது. குப்பையில் கிடந்த ஊசி குத்தியவர் கையைக் கழுவிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார், விடுப்பு எடுக்கமாட்டார். அதைத் தனிக் கட்டத்தில் ஏற்றுங்கள். ஆனால் ஏற்றும் முன் அவரை மருத்துவமனைக்கு அனுப்புங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும்.

காய வீதத்துக்கு இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 3786 சொல்லும் வழி இது: வேலை நாள் இழந்த காயங்களை 10 லட்சத்தால் பெருக்கி, மொத்த வேலை மணி நேரத்தால் வகுக்க வேண்டும். 240 நிரந்தரப் பணியாளர்கள், 80 ஒப்பந்தப் பணியாளர்கள், நாளுக்கு 8 மணி, 300 நாள் என்றால் 7,68,000 மணி நேரம். 9 காயத்துக்கு வீதம் 11.7.

வழக்கமாகத் தவறு நடப்பது இங்கேதான். ஒப்பந்த ஆட்களின் காயத்தை மேலே சேர்த்துவிட்டு, அவர்களுடைய மணி நேரத்தைக் கீழே விட்டுவிடுவார்கள். வகுக்கும் எண் 5,76,000 ஆகிவிடும், வீதம் 15.6-க்கு ஏறிவிடும். யாருக்கும் கூடுதலாக ஒரு கீறல்கூட விழுந்திருக்காது.

காயங்கள் எவ்வளவு கடுமையானவை என்று காட்டுவது தீவிர வீதம்; அதே கணக்கில் காயங்களுக்குப் பதில் இழந்த நாட்களைப் போட வேண்டும். 126 நாள் போயிருந்தால் 164. ஒரு சாவுக்கு 6,000 நாள் என்று தரநிலை கணக்கிடுகிறது. ஒரே ஒரு உயிர் போனாலும் வீதம் 7,977-க்குத் தாவும். அதனால் சாவைச் சேர்த்தும் சேர்க்காமலும் இரண்டு வரி எழுதுங்கள்.

நோய்கள் 'காய்ச்சல்' என்ற ஒற்றைச் சொல்லுக்குள் ஒளிந்திருக்கும். எலிக்காய்ச்சல் தெரியவர 2 முதல் 30 நாள் ஆகலாம். வாய்க்கால் தூர்வாரிய தேதிகளைக் குறித்து, அந்தக் குழுவின் அடுத்த 30 நாள் விடுப்பைப் புரட்டுங்கள். பலர் அடுத்தடுத்துப் படுத்திருந்தால் மருத்துவச் சான்றையும் பரிசோதனை முடிவையும் கேட்டு வாங்குங்கள்.

9, 6 போன்ற சின்ன எண்கள் தற்செயலாகவே அவ்வளவு ஏறி இறங்கும். மூன்று ஆண்டுக் காயங்களையும் மணி நேரத்தையும் தனித்தனியே கூட்டி, பிறகு வகுங்கள்; மூன்று வீதங்களின் சராசரியை எடுக்காதீர்கள்.